எய்தவன் கடமை

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்பது நம் மக்கள் நாவில் நெடுங்காலமாகப் பழகிவரும் முதுமொழி. குற்றத்தைக் கருவியின்மேல் ஏற்றாதே, அதனைச் செலுத்திய கையைத் தேடு என்பது அதன் கருத்து. தமிழாசிரியர் என்ற முறையில் இம்மொழியை நாம் வகுப்பறையிலே பலமுறை விளக்கியிருக்கிறோம். கட்டுரைப் பயிற்சிக்குத் தலைப்பாகவும் எழுதிப் போட்டிருக்கிறோம். ஆயினும் அதன் முழுப் பாரமும் எம் தோளில் இறங்கியது சென்ற ஆண்டு வைகாசியில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பாடசாலைத் திடலிலேதான். அன்று எய்தவர்கள் நாமாக இருந்தோம். அம்பு, ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல்.

நடந்ததை முதலிற் சொல்லிவிடுகிறோம். எமது பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை இடமாற்றம் பெற்றுச் சென்றபின், விஞ்ஞான மன்றத்தைக் கவனிக்கும் பொறுப்பு வேறு ஆளின்றி எம்மிடம் வந்து சேர்ந்தது. இலக்கணம் படித்தவருக்கு இந்த வேலை எதற்கு என்று நகைத்தவர்களும் உண்டு. மாணவர்கள் நகைக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் நீர் ரொக்கெட் செய்து பறக்கவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தனர். வெடிமருந்து ரொக்கெட்டுக்கு இந்நாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். பிள்ளைகளின் கைக்கு அது தகாததும்கூட. நீர் ரொக்கெட்டுக்கோ சோடாப் போத்தலும், துவிச்சக்கர வண்டிப் பம்பும், குழாய்த் தண்ணீரும் போதும். போத்தலில் மூன்றிலொரு பங்கு நீர் ஊற்றி, வாயைப் பிடியால் இறுக்கித் தலைகீழாக நிறுத்தி, சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அழுத்தம் வரும்வரை காற்றை ஏற்றவேண்டும். பிடியை விடுவித்ததும் உள்ளே அடைபட்ட காற்று நீரைக் கீழ்நோக்கி உதைத்துத் தள்ளும். அந்த உதைப்பின் எதிர்விசையால் போத்தல் மேலே பாயும். முப்பது நாற்பது மீற்றர் உயரம் செல்வதற்கு இரண்டு மூன்று வினாடிகளே எடுக்கும்.

ஏறுவது எளிது, இறங்குவதுதான் தொல்லை. போத்தலின் தலையிலே கடதாசி அட்டையாற் செய்த கூம்பொன்றைத் தளர்வாக வைத்து, அதனுள்ளே பொலித்தீன் உறையை வெட்டிச் செய்த சிறு பரசூட்டை மடித்து வைத்திருந்தோம். உச்சியிலே ரொக்கெட் தயங்கிச் சாயும்போது கூம்பு தானாகக் கழன்று பரசூட் விரியவேண்டும் என்பது ஏற்பாடு. காலையிலிருந்தே திடலை மூடியிருந்த மூடுபனியைப் பற்றி நாம் எண்ணவில்லை. ஈரத்தில் அட்டை ஊதிக் கூம்பு இறுகிவிட்டது. "போகுது, போகுது" என்று பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். அடுத்த கணம் அந்தக் குதிப்பு அடங்கிற்று. பரசூட் விரியவில்லை. கூர்நுனி கீழ்நோக்கத் திரும்பிய போத்தல் காற்றிலே சாய்ந்து, திடலுக்கு அப்பால் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களின் நிரைகளை நோக்கிப் பாய்ந்தது. ஒரு பெண்ணுக்கும் அவர் அயல்நிரைப் பெண்ணுக்கும் இடையே, மூன்று முழத் தூரத்தில், தேயிலைச் செடியைக் கிழித்துக்கொண்டு விழுந்தது.

ஒருவருக்கும் காயமில்லை. நாம் மூச்சிரைக்க ஓடிச்சென்று மன்னிப்புக் கேட்டோம். அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். எமது வகுப்பிற் படிக்கும் பிள்ளையொன்றின் பாட்டி. அவர் எம்மை ஏசவில்லை. கிழிந்த செடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "சேர், விடுறதுக்கு முன்னால ஒரு சத்தம் குடுங்க. எங்களுக்குக் கண்ணு கொழுந்து மேலதான் இருக்கும், ஆகாசத்தப் பாத்துக்கிட்டு நிக்க ஏலாது" என்றார். மறுபடியும் கைகள் செடிமேல் ஓடத் தொடங்கின.

அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. போத்தல் மூன்று முழம் தள்ளி விழுந்தது எமது திறமையாலன்று, காற்றின் கருணையால். கூர்நுனி கீழாக நாற்பது மீற்றர் உயரத்திலிருந்து விழும் போத்தலின் வேகம் வினாடிக்கு 20 மீற்றரை எட்டும். அது ஒருவர் தலையிலே பட்டிருந்தால் யாரை நோவது? கூம்பையா, மூடுபனியையா, அட்டையை வெட்டிய பிள்ளையையா? இங்கேதான் முதுமொழி எம்மைத் திரும்பிப் பார்த்தது. அது எய்தவனை மட்டும் சுட்டுகிறது. ஆனால் எய்தவனுடைய கடமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? வில்லை விட்டு அம்பு நீங்கியதும் முடிந்துவிடுகிறதா? அல்லது அம்பு தரையைத் தொட்டு, அது தொட்ட இடத்திலே நின்றவர் நலமாக இருக்கிறார் என்று அறியும்வரை நீள்கிறதா? இந்த வினாவையே வாசகர்முன் வைக்க விரும்புகிறோம்.

மனிதன் விண்ணை நோக்கிய வரலாற்றைப் புரட்டினால் ஏற்றத்தைப் பாடியவர் பலர். இறக்கத்தை எண்ணியவர் சிலரே. 1926 மார்ச் 16ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்து ஓபன் என்ற ஊரிலே ரொபேட் கொடார்ட் திரவ எரிபொருளால் இயங்கும் முதல் ரொக்கெட்டைப் பறக்கவிட்டார். அது இரண்டரை வினாடி பறந்து, 41 அடி உயரம் ஏறி, 184 அடி தொலைவில் விழுந்தது. விழுந்த இடம் உறவினர் பண்ணையிலிருந்த கோவாத் தோட்டம். விண்வெளி யுகத்தின் முதற் காலடி ஓர் உழவர் நிலத்திலே பதிந்தது என்பதை நுவரெலியாவின் கோவாப் பாத்திகளைக் கண்டு வளர்ந்த நாம் ஒரு புன்னகையோடுதான் படிக்க முடியும். ஆயினும் அந்தப் புன்னகையின் பின்னே ஓர் உண்மை இருக்கிறது. வானம் யாருக்கும் சொந்தமில்லை என்பார்கள். வானிலிருந்து வீழும் பொருள் வந்து சேரும் நிலமோ எப்போதும் யாரோ ஒருவர் உழைக்கும் நிலம்.

இறக்கத்தை முறையாக எண்ணிப் பார்த்தவர்களுள் ஒருவர் பெரிய விஞ்ஞானியல்லர், சப்பாத்துக் கடைக்காரர். நெப்ராஸ்கா மாநிலத்தின் நோர்போக் நகரில் வாழ்ந்த ஓர்வில் கார்லைல் 1954இல் தம் சகோதரர் ரொபேட்டுடன் சேர்ந்து, கடதாசிக் குழலும் மென்மரமும் கொண்ட விளையாட்டு ரொக்கெட்டை உருவாக்கினார். அதன் சிறப்பு அது எத்துணை உயரம் சென்றது என்பதில் இல்லை. அவர் வழிவந்த மாதிரி ரொக்கெட்டுகளின் குழலினுள்ளே மருந்து மூன்று பகுதியாக அடைக்கப்படுகிறது. முதற்பகுதி எரிந்து ரொக்கெட்டை ஏற்றும். இரண்டாம் பகுதி, ரொக்கெட் தன் வேகத்தாலேயே உச்சியை எட்டும்வரை, உந்துதலின்றி மெல்லக் கனன்று காலத்தைக் கடத்தும். மூன்றாம் பகுதி முன்பக்கமாக வெடித்துக் கூம்பைத் தள்ளிப் பரசூட்டை வெளியேற்றும். ஏறுவதற்கான மருந்தும் இறங்குவதற்கான மருந்தும் ஒரே குழலில் அடைபட்டிருக்கின்றன. 1957இல் ஸ்புட்னிக் வானேறியபின், கண்ட மருந்துகளைத் தாமே கலந்து கையையும் கண்ணையும் இழந்த சிறுவர்கள் அந்நாட்டிற் பலர். அவர்களுக்கு மாற்றுவழியாகவே இப்பொழுதுபோக்கு வளர்ந்தது. ஒழுக்க நூல்கள் பல பக்கங்களிற் சொல்வதைச் சப்பாத்துக் கடைக்காரர் விரலளவு குழலுக்குள்ளே செய்து காட்டிவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பேரரசுகள் எல்லாவேளையும் அப்படிச் செய்யவில்லை. 1957 நவம்பர் 3ஆம் நாள் ஸ்புட்னிக் இரண்டிலே லைக்கா என்ற நாய் அனுப்பப்பட்டது. அதனைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு அந்தக் கலத்தில் இல்லை. சில மணி நேரத்துக்குள் வெப்பத்தால் அது இறந்துபோயிற்று என்ற உண்மை 2002இலேதான் வெளிவந்தது. அத்திட்டத்தில் உழைத்த விஞ்ஞானி ஒலெக் கசென்கோ தம் முதுமையில் அச்செயலுக்காக வருந்தினார். 1960 ஓகஸ்டில் அதே நாட்டு விஞ்ஞானிகள் பெல்கா, ஸ்திரெல்கா என்ற இரு நாய்களை அனுப்பி உயிரோடு மீட்டார்கள். அந்த இரு நாய்களும் திரும்பி வந்த பின்னரே மனிதனை அனுப்பத் துணிந்தார்கள். உயரே செல்வதற்கான அனுமதிச் சீட்டு, கீழே இறங்கக் கற்றுக்கொண்ட பின்பே கிடைத்தது.

1961 ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்ததை உலகறியும். அதே ஆண்டு டிசம்பரில் அவர் எமது இலங்கைக்கும் வந்தார். ஆனால் அவர் இறங்கிய விதத்தைப் பலர் அறியார். அவருடைய கலத்துக்கு மெல்லத் தரையிறங்கும் வசதி இருக்கவில்லை. ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் உயரத்திலே இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, தனிப் பரசூட்டில் அவர் இறங்கினார். சராத்தொவ் பகுதி வயலொன்றிலே அன்னா தக்தரோவா என்ற உழவுப் பெண்ணும் அவர் பேத்தி ரீற்றாவும் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார்கள். செம்மஞ்சள் உடையில் வானிலிருந்து வந்த உருவத்தைக் கண்டு அவர்கள் அஞ்சினார்கள். விண்ணை வென்றவன் மண்ணிலே முதலிற் கண்ட முகங்கள் அவை. நல்வேளையாக அவனுக்குப் பரசூட் விரிந்தது. 1967 ஏப்ரல் 24இல் சோயுஸ் ஒன்றில் திரும்பிய விளாடிமிர் கொமரோவுக்கு அது விரியவில்லை. அவர் உயிர் துறந்தார்.

எய்தவனின் பொறுப்பை உலகச் சட்டமும் பின்னர் ஏற்றுக்கொண்டது. விண்பொருள்களால் ஏற்படும் சேதத்துக்கான பொறுப்பைப் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 1972இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாடு ஏவிய பொருள் பிறநாட்டுத் தரையிலே விழுந்து சேதம் விளைத்தால், தவறு இழைத்தமை நிறுவப்படாவிட்டாலும், ஏவிய நாடே ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் விதி. 1978 ஜனவரியில் அணுவுலை பொருத்திய கொஸ்மொஸ் 954 என்ற சோவியத் செயற்கைக்கோள் வட கனடாவின் பனிநிலத்தில் சிதறி விழுந்தது. கனடா ஏறத்தாழ 60 இலட்சம் டொலர் கேட்டது. 1981இல் 30 இலட்சம் டொலர் கிடைத்தது. எமது நாடும் இதற்கு அயலன்று. 2015 நவம்பர் 13ஆம் நாள், பழைய விண்கலத் துண்டொன்று இலங்கையின் தென்கடலுக்கு மேலே வளியில் நுழைந்து எரிந்தது. அப்பகுதிக் கடலையும் வானையும் தவிர்க்குமாறு எச்சரிக்கை விடப்பட்டது. 1998இல் சந்திரனுக்குக் கலமொன்றை அனுப்பிய ரொக்கெட்டின் எச்சமாக அது இருக்கலாம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கருதினர். நிலவுக்குப் போனவர் எவரோ. வலையைச் சுருட்டிக்கொண்டு கரையில் இருக்கவேண்டியவர் எமது கடற்றொழிலாளி.

சட்டம் செய்வது விழுந்தபின் கணக்குத் தீர்ப்பது. அறம் கேட்பதோ விழுமுன் எழும் கேள்வி: கீழே நிற்பவரை நீ கேட்டாயா? ஈடு கொடுத்துவிட்டால் கேளாமைக் குற்றம் தீர்ந்துவிடாது. அந்தப் பெண்மணி எம்மிடம் நட்டம் கேட்கவில்லை; ஒரு சத்தம் கேட்டார். தாமும் கணக்கில் எடுக்கப்படவேண்டும் என்பதே அவர் கேட்டதன் பொருள்.

"இப்படியெல்லாம் தயங்கினால் விஞ்ஞானம் வளருமா? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்போதுதான் ஒரு வாசல் திறக்கிறது. அதையும் அறம் பேசி அடைப்பதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டிலே 2023 பெப்ரவரி 19ஆம் நாள், செங்கற்பட்டு மாவட்டத்துப் பட்டிப்புலம் கடற்கரையிலிருந்து, மாணவர்கள் சேர்ந்து அமைத்த 150 நுண் செயற்கைக்கோள்களைத் தாங்கிய ரொக்கெட் ஏவப்பட்டது. 2024 ஓகஸ்ட் 24இல் அதே கரையோரத்துத் திருவிடந்தையிலிருந்து ரூமி என்ற மீளப் பயன்படுத்தும் ரொக்கெட் பறந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வானம் எம் பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கலாகாது? கட்டாயம் கிடைக்கவேண்டும். ஆனால் அவர்கள் முன்னே கடல் விரிந்து கிடக்கிறது. மலையகத்திலே எமக்கு அத்தகைய வெற்றிடம் இல்லை. திடலுக்கு நாற்புறமும் தேயிலை, தேயிலைக்கு நடுவே லயம், லயத்துக்குமேல் உயரழுத்த மின்கம்பி, அதற்கப்பால் பள்ளத்தாக்கு. இங்கே எந்தப் பக்கம் விழுந்தாலும் அது ஒருவருடைய வேலைத்தலம் அல்லது வீடு. ஆகவே பறக்கவிடலாமா கூடாதா என்பதைவிட, யாருடைய செலவில் பறக்கவிடுகிறோம் என்பதே எமக்குரிய கேள்வியாயிற்று.

அந்தச் செலவை முதலில் நாம் சரியாக மதிப்பிடவில்லை. "அரைமணி நேரம் அந்த நிரைகளை விட்டு ஒதுங்கி நின்றால் போதும்" என்று கேட்கலாம் என எண்ணினோம். பிறகுதான் அரைமணி நேரம் என்றால் என்னவென்று விளங்கிற்று. அன்றைய கொழுந்தின் நிறை குறைந்தால் ஒருவருக்கு விழுவது அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வோம் என்றால், அன்று கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க வருபவர்கள் உண்டு. எமக்கு ஓய்வான நாள் அவர்களுக்கு மேலதிகக் காசு தேடும் நாள். பிள்ளைகளின் விஞ்ஞானம் பொதுநன்மை என்று மேடையிலே பேசுகிறோம். அப்பொதுநன்மைக்கான கட்டணத்தை அப்பிள்ளைகளின் தாய்மாரிடமிருந்து கொழுந்து நிறையாகக் கழித்துக்கொள்வது எவ்வகை நீதி?

ஒருநாள் விடியலிலே, பெரட்டுக்கு வந்து நின்ற பெண்களிடம் பிள்ளைகளையே பேச வைத்தோம். எப்படிப் பறக்கும், எங்கே விழக்கூடும், என்ன பிழைக்கலாம் என்பதை அவர்கள் விளக்கினார்கள். பெண்கள் எம்மைவிடத் தெளிவாக வழி சொன்னார்கள். அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்தபின், நாலரை மணிக்கு மேல் நிரைகளில் ஆளிராது. திடலின் கீழ்ப்புறத்து மலை அண்மையிற் கவ்வாத்து வெட்டப்பட்டது. அங்கே இன்னும் பல மாதத்துக்குக் கொழுந்தில்லை. அந்தி வேளையிலே காற்று எப்பக்கமிருந்து வரும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் பாடப்புத்தகத்தில் தேடிய விடைகள் பெரட்டுக் களத்தில் நின்றன. எவரும் அதுவரை அவர்களைக் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதன்பின் கூம்பின் உட்புறத்துக்கு மெழுகு பூசினோம். பொலித்தீன் மடிப்புகள் ஈரத்தில் ஒட்டாதிருக்க முகப்பவுடர் தூவினோம். பரசூட் விரிந்தது. விரிந்ததும் புதிய சிக்கல் ஒன்று பிறந்தது. பிள்ளைகள் தம் ரொக்கெட் நோகாமல் இறங்கவேண்டும் என்று பரசூட்டைப் பெரிதாகச் செய்திருந்தார்கள். அட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலிருப்பதால், இங்கே காற்றின் அடர்த்தி பத்திலொரு பங்குக்குச் சற்று மேல் குறைவு. ஆகவே பெரிய பரசூட் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கணக்குச் சரியே. ஆனால் வினாடிக்கு மூன்றரை மீற்றர் வேகத்தில் மெல்ல இறங்கும் ரொக்கெட், நாற்பது மீற்றர் இறங்குவதற்குப் பதினொரு வினாடிக்கு மேல் எடுக்கிறது. வினாடிக்கு ஐந்து மீற்றர் வேகமுள்ள காற்று அதற்குள் அதனை ஐம்பத்தைந்து மீற்றருக்கு அப்பால் கொண்டுபோய்விடும். மென்மை கூடக்கூட, அது போய்ச் சேரும் இடம் நம் கைக்குத் தப்புகிறது. நாம் அனுப்பிய பொருளின்மேல் நாம் காட்டும் பரிவு, அது விழுமிடத்து மனிதர்மேல் காட்டவேண்டிய பரிவோடு மோதுகிற இடம் இது.

அந்த மோதலை நேரிலேயே கண்டோம். மூன்றாம் பறப்பிலே ரொக்கெட் அழகாக மிதந்து சென்று, பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்ற உயர்ந்த யூகலிப்டஸ் மரத்தின் உச்சிக் கிளையில் தொங்கிற்று. மூன்று வாரம் இரவு விழித்து அதனைச் செய்த மாணவன் ஒரே ஓட்டமாக ஓடி மரத்தைப் பற்றிவிட்டான். "நான் ஏறுவேன் சேர், பழக்கந்தான்" என்றான். இறங்கு என்றோம். அவன் கண்களில் நீர் முட்டியது. எமக்கும் அந்த ரொக்கெட்மேல் ஆசையில்லாமலில்லை. ஆயினும் மீட்பது எய்தவன் கடமை என்று சொல்லும் அதே அறம், மீட்பதற்காக வேறோர் உயிரைப் பணயம் வைக்காதே என்றும் சொல்கிறது. மின்கம்பியிலோ உயர்மரத்திலோ சிக்கியதை எடுக்க முயலாதே என்பது இப்பொழுதுபோக்கினர் உலகெங்கும் கைக்கொள்ளும் விதி. அந்த ரொக்கெட் இன்னும் அம்மரத்தில் வெளுத்துக்கொண்டு தொங்குகிறது. அடுத்த பரசூட்டை அந்த மாணவனே சிறிதாக வெட்டி, நடுவிலே காற்றுப் போக்கத் துளையும் இட்டான். ரொக்கெட் சற்றுக் கடினமாக இறங்கி அடிபடும். ஆனால் நாம் சொன்ன மலையிலேயே இறங்கும். அடிபடுவது போத்தலாகவே இருக்கட்டும் என்பது அவன் முடிவு. எமது வகுப்பறையில் அவ்வாண்டு எழுதப்பட்ட எந்தக் கட்டுரையையும்விட அந்தத் துளையை நாம் உயர்வாக மதிக்கிறோம்.

இத்துணை சிறிய விளையாட்டிலே இத்துணை பெரிய அறத்தைத் தேடுவானேன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். மலையகத்து மண்ணில் நிற்பவருக்கு இந்தக் கேள்வி விளையாட்டன்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியிலே இரண்டு பிரதமர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். 9,75,000 மக்களைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று வகுத்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். எண்கள் வெகு நேர்த்தியாக இருந்தன. அந்த எண்களுக்குள்ளே இருந்தவர்களை எவரும் கேட்கவில்லை. மலையிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாரிற் கப்பலேறி அக்கரை சேர்ந்தவர்களுட் சிலருக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அரசு வேலை கொடுத்தது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் காற்று கொண்டுபோன இடத்திலே கைவிடப்பட்டவர்கள் எத்தனை பேர்! ஏற்றியவர்கள் ஏற்றியதோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணினார்கள். இங்கே எஞ்சியோருக்குக் குடியுரிமை முழுமையாக வந்து சேர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அம்மக்களின் பேரப்பிள்ளைகளே இன்று எம்முன் அமர்ந்து போத்தலுக்குப் பரசூட் வெட்டுகிறார்கள்.

ஆசிரியராகிய எமக்கும் இதிலே பாடம் உண்டு. ஆண்டுதோறும் பிள்ளைகளை மேலே மேலே என்று உந்துகிறோம். பரீட்சையில் உயர்ந்தவனின் பெயரைப் பலகையில் எழுதுகிறோம். பாதியில் இறங்கிக் கொழும்புக் கடைகளுக்குப் போனவன் எங்கே இறங்கினான், எப்படி இறங்கினான் என்று தேடிச் சென்றவர்கள் எம்மில் எத்தனை பேர்? உந்துவதற்கான மருந்தை அளந்து கொடுத்த நாம், இறங்குவதற்கான மருந்தை அந்தக் குழலிலே வைத்தோமா?

கடைசிப் பறப்பு ஆடி மாதத்தில் ஓர் அந்தி. கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் வெற்றுக் கூடைகளோடு திடலோரத்தில் வந்து நின்றார்கள். மாணவர்கள் மூன்று முறை உரக்கக் குரல் கொடுத்தார்கள். பம்பு அடித்து, பிடியை விடுவித்ததும், அந்தப் பெண்மணி உட்பட அனைவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பகல் முழுவதும் செடியை விட்டு நீங்காத கண்கள் அன்று வானத்தைப் பார்த்தன. சிறு பரசூட் விரிந்து, ரொக்கெட் கவ்வாத்து மலையிலே ஒரு சிலாம்பைக் கட்டையில் முட்டி, ஒரு சிறகு ஒடிந்து விழுந்தது. அதை முதலிற் கண்டு எடுத்து வந்து கொடுத்தவர் அந்தப் பாட்டிதான். "ஒரு பக்கம் ஒடிஞ்சிருச்சு சேர்" என்று கவலைப்பட்டார்.

விண்ணை நோக்கி நம் பிள்ளைகள் இன்னும் பல எய்யட்டும். கடதாசிக் குழலும், பிளாஸ்டிக் போத்தலும், நாளை உண்மையான விண்கலமும் அவர்கள் கையிலிருந்து எழட்டும். ஆனால் எய்யுமுன் கீழே நிற்பவர் யார் என்று பார்க்கட்டும். பார்த்தால் மட்டும் போதாது, கேட்கட்டும். கேட்டால் மட்டும் போதாது, அவர் சொன்னதை ஏற்றுத் தம் கணக்கை மாற்றட்டும். எய்த பொருள் தரையைத் தொட்டு, அங்கே நின்றவர் நலம் என்று அறிந்த பின்பே எய்தவன் கடமை முடிகிறது. அதற்கு முன் கைதட்டுவதற்கு நமக்கு உரிமையில்லை.